முள் எங்கே ஏறுகிறது?

ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 13 வயதான பெட்ரோல் கார் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் வாங்கியிருக்கிறார். இவர் மூன்றாவது ஓனர். ஆசைக்கு வாங்கிய கார் இல்லை. அம்மாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காகச் சேலம் அழைத்துப் போக வேண்டும். பஸ்ஸில் போய்வர அம்மாவுக்கு முடியவில்லை.

'வாழப்பாடி தாண்டி வரும்வரை டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. அம்மாப்பேட்டைக்குள் நுழைந்து நெரிசலில் நின்றால் கிடுகிடுவென ஏறுகிறது. வண்டி ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, 30 ஆயிரம் ஆகும் என்கிறார். செய்வதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா?' என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் சார். உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது.

பழைய வண்டி சூடானால் எல்லோரும் முள் எவ்வளவு ஏறியது என்றுதான் பார்க்கிறோம். எங்கே, எப்போது ஏறியது என்பதுதான் முக்கியம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் அந்தக் காற்று கிடையாது. மின்விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஓடும்போது சரியாக இருந்து, நின்றால் மட்டும் சூடாகிற வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேடியேட்டர் ஃபேனை. ஹெட் கேஸ்கெட்டை இல்லை.

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். ஏசியை அணைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தி வையுங்கள். முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போகும்போது ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சுற்றவில்லையா? ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான சின்ன கார்களில் ஏசி போட்டால் அந்த ஃபேனும் சுற்றும். அப்போது சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. ஃபேனுக்கு உத்தரவு கொடுக்கும் சென்சார் அல்லது சுவிட்சில்தான் கோளாறு. அப்போதும் சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, வயர், கடைசியாக மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் ஏசிக்குத் தனி ஃபேன் இருக்கும்; எது சுற்றுகிறது என்று குனிந்து பாருங்கள். பார்க்கும்போது துப்பட்டா, புடவைத் தலைப்பு, விரல் எதுவும் கிட்டே போகக் கூடாது. சாவியை எடுத்த பிறகும் திடீரெனச் சுற்றும் ஃபேன்கள் உண்டு.

ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது என்றால், ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏசி கண்டன்ஸருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சி, பஞ்சு, சேறு என்று பல வருஷக் குப்பை அங்கே மெத்தை மாதிரி அடைந்திருக்கும். காற்று எப்படிப் போகும்?

உங்களுக்கு நேர்மாறான கேஸும் உண்டு. ஊருக்குள் நன்றாக ஓடி, பைபாஸில் 80-ல் போகும்போதோ ஏற்காடு மலை ஏறும்போதோ முள் எழும்பினால், ஃபேனைக் குறை சொல்லக் கூடாது. தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை என்று அர்த்தம். ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதி திறந்தபடி சிக்கியிருக்கலாம். ஸ்டார்ட் செய்து சில நிமிஷத்திலேயே முள் மேலே போய், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவே இல்லை.

தெர்மோஸ்டாட் பற்றி எனக்கு ஒரு புலம்பல் உண்டு. 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?' என்று கழற்றி எறியும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. இன்ஜின் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அந்தச் சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில் அது இல்லையென்றால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு இன்னும் கூடும். மூன்று கை மாறிய வண்டியில் அது இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

இனி அந்த அரை லிட்டர் தண்ணீர். சொல்லப்போனால், ஃபேனைவிட இதுதான் எனக்குக் கவலை தருகிறது. கூலிங் சிஸ்டம் மூடிய அமைப்பு. வாரா வாரம் அரை லிட்டர் குறைகிறது என்றால் அது எங்கேயோ வெளியே போகிறது, அல்லது இன்ஜினுக்குள்ளேயே போகிறது.

முதலில் ரேடியேட்டர் மூடி. சில நூறு ரூபாய் சமாச்சாரம். ஆனால் குக்கர் வெயிட் செய்கிற வேலையை அது செய்கிறது. அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, சீக்கிரம் கொதிக்கும், தண்ணீரும் வெளியேறும். பழைய வண்டி வாங்கினால் நான் கேள்வி கேட்காமல் மாற்றுகிற பொருள் இது. மூடியில் எழுதியிருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து, கம்பெனி சொல்லும் அதே அளவில் வாங்குங்கள்.

பிறகு ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர், அதற்குப் பயப்பட வேண்டாம். பச்சை, சிவப்புக் கறை இருந்தால் கூலன்ட். நீங்கள் வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டுவதால் கறை தெளிவாகத் தெரியாமலும் போகலாம். ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்புக்குக் கீழே சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளைத் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாக இருந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது.

வெளியே எங்கும் ஒழுகல் இல்லையென்றால்தான் ஹெட் கேஸ்கெட் பேச்சே வர வேண்டும். அதற்கும் சோதனை உண்டு. காலையில் இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலைந்து குமிழி வருவது சகஜம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கெட்ட செய்தி. ஆயில் ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த காபி மாதிரி இருப்பது, வண்டி சூடான பிறகும் சைலன்ஸரில் அடர்ந்த வெள்ளைப்புகை விடாமல் வருவது, இவையும் அடையாளங்கள். நல்ல பட்டறையில் ஒரு நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். இன்ஜின் புகை உள்ளே வந்தால் அது மஞ்சளாக மாறும். மூடி இருக்கும் இடத்தில் கை பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றி, குறைகிறதா என்றும் பார்க்கலாம். உங்கள் மெக்கானிக் இதில் எதையாவது செய்தாரா? கடிதத்தில் இல்லை. செய்யாமல் 30 ஆயிரம் சொன்னால், வேறு இடத்தில் காட்டுங்கள்.

எல்லாம் சரியான பிறகு போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. பழைய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கம்பெனி சொல்லும் அளவில் கலந்து ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். மீதிக் கூலன்ட்டைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

இதெல்லாம் முடியும் வரை அம்மாவை இந்த வண்டியில் அழைத்துப் போகாதீர்கள். வாடகைக் கார் செலவு உறுத்தும்தான். ஆனால் டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வருகிறவரை மே மாத வெயிலில் சாலையோரம் உட்கார வைக்க முடியாது.

தவிர்க்க முடியாமல் போய், முள் ஏற ஆரம்பித்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் போடுங்கள். வேர்க்கும், திட்டு விழும். ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். ஓரம் கட்டுவதற்கு மட்டும்தான் இது. முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். 'ஆஸ்பத்திரி இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டுவதில்தான் அலுமினிய ஹெட் வளைந்து, உண்மையிலேயே 30 ஆயிரம் செலவு வருகிறது. அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும். அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகட்டும். மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்க வேண்டும், அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். அதன் பிறகு தடித்த துணி போட்டு மெதுவாகத் திருகுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும்.

ஒன்று விட்டுப்போயிற்று. கொதித்துக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் மொத்தமும் போய், சென்சார் வெறும் காற்றில் நிற்கலாம். அப்போதும் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபேனைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் சார். சுற்றியதா, இல்லையா?