பெயரில் உறவு, மரபில் தொலைவு: இரு வரையாடுகளின் இருவேறு நிலை

கேரளமும் தமிழகமும் 2025 ஏப்ரலில் முதன்முறையாக இணைந்து நடத்திய கணக்கெடுப்பில், கேரளத்தில் 1,365, தமிழகத்தில் 1,303 என மொத்தம் 2,668 நீலகிரி வரையாடுகள் இருப்பது தெரியவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே இயற்கையான வாழிடம் இவற்றுக்கு இல்லை. அந்த வகையில், உலகின் காடுகளில் எஞ்சியுள்ள நீலகிரி வரையாடுகள் ஏறத்தாழ இவ்வளவே.

இதே பொதுப் பெயரைத் தாங்கிய இமாலய வரையாட்டின் கதை வேறு. வேட்டைக்காக 1904-இல் நியூசிலாந்து மலைகளில் விடப்பட்ட அவ்விலங்கு அங்கு பல்கிப் பெருகியது. அதன் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாது என அந்நாட்டின் 1993-ஆம் ஆண்டுத் திட்டம் வரம்பிட்டது. மிகுதியானவை சுட்டுக் குறைக்கப்படுகின்றன. அந்த வரம்பில் கால்பங்கைச் சற்றே தாண்டியதுதான் நமது வரையாட்டின் மொத்த எண்ணிக்கை. பன்னாட்டுச் செம்பட்டியலிலும் நீலகிரி வரையாடு ஒரு படி அல்ல, இரு படிகள் கூடுதல் ஆபத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இரண்டும் நெருங்கிய உறவுடையவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், நீலகிரி வரையாடு செம்மறியாட்டுக்கும், இமாலய வரையாடு வெள்ளாட்டுக்கும் நெருக்கமானவை என்று 2005-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இரண்டையும் 'ஆடு' என்றே அழைக்கும் தமிழுக்கு இதில் சிக்கலில்லை, பாதுகாப்புக்கு உண்டு. நீலகிரி வரையாடு தனது பேரினத்தின் ஒரே இனமாகிவிட்டது. அது அழிந்தால் இமயத்தில் உள்ளது அதற்கு ஈடாகாது.

எண்ணிக்கையைக் காட்டிலும் அதன் பரவலே கவலைக்குரியது. இடுக்கி மாவட்டத்தில் 97 சதுர கி.மீ. பரப்புள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் மட்டும் 841 வரையாடுகள் உள்ளன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே பூங்காவில் இருப்பதால், அங்கு ஒரு கொள்ளைநோய் பரவினாலே இழப்பு பெரிதாகும். பாலக்காட்டின் நெல்லியாம்பதி போன்ற மலைகளில் இருப்பவையோ சிறு கூட்டங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழ்பவை, தெற்கே ஆனைமலையில் வாழ்பவற்றுடன் கலக்க வழியில்லை. சீகை மரங்கள் ஆக்கிரமித்த புல்வெளிகளும் இவற்றுக்குப் பயன்படுவதில்லை.

இரவிகுளத்தை ஒட்டியே தமிழகத்தின் ஆனைமலைப் புல்வெளிகள் தொடர்வதால், மாநில எல்லை வரையாடுகளுக்குத் தடையல்ல. தனித்தனியே எண்ணினால் ஒரே கூட்டம் இருமுறை கணக்கில் சேரலாம், அல்லது இரு பக்கமும் விடுபடலாம். கூட்டுக் கணக்கெடுப்பு இக்குறையைப் பெரிதும் களைந்துள்ளது. பழைய வாழிடங்களில் வரையாடுகளை மீண்டும் குடியமர்த்துவதும், 2023-இல் ரூ.25.14 கோடியில் தமிழகம் தொடங்கிய திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. கேரளத்துக்கு இத்தகைய தனித்திட்டம் இரவிகுளத்தைவிட, நெல்லியாம்பதிக்கே முதலில் தேவைப்படுகிறது.