நுகமும் பந்தியும்

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. இறால் வரும் நீரோட்டத்தில் வலை கட்டத்தக்க இடங்கள் சிலவே, வேண்டுவோரோ பலர். ஆதலின் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று குப்பத்தார் கூடி வகுத்துக்கொள்வர். அவ்வுரிமை அவ்வக் குப்பத்துத் தலைக்கட்டுகளுக்கே உரியது. அயலான் வலைத்தொழிலில் எத்துணை வல்லவனாயினும் அதனுட் புகலாகாது. இதனால் இழப்புற்றோரும் உளர்; அவ்வழக்கு வேறு. ஆயினும் இதனைக் குறுகிய மனத்தின் செயலென்று இகழ யான் ஒருப்படேன். போர்த்துகீசியர் வந்தனர், ஒல்லாந்தர் 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர், பின் ஆங்கிலேயர் ஆண்டனர். அனைவரும் போயினர், குப்பங்கள் நின்றன. எளியோர்க்குத் தம் முறையே மதில்.

யூதருடைய நியாயப்பிரமாணத்தையும் இக்கண் கொண்டே காண்டல் வேண்டும். பாபிலோனியரும் கிரேக்கரும் உரோமரும் அடுத்தடுத்து அடர்த்த காலங்களில் அச்சிறு இனத்தைச் சிதறாமற் காத்தவற்றுள் விருத்தசேதனமும் ஓய்வுநாளும் உணவு விதிகளும் தலையாயவை. ஆகவே, கிறிஸ்துவை நம்பி வந்த புறஜாதியாரை நோக்கி, முதலில் விருத்தசேதனம் பெறுக என்று கூறினோரை நம் பிரசங்கிகள் மூடரென்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. அவர்கள் தம் மதிலைக் காத்தனர். ஏறக்குறைய கி.பி. 49-இல் எருசலேமிற் கூடிய சங்கத்தில் அவ்வழக்கு எழுந்தது. பேதுரு (அவரும் ஓர் ஏரியில் வலை வீசியவரே), தாமும் தம் முன்னோரும் சுமக்கமாட்டாத நுகத்தைப் பிறர் கழுத்தில் ஏற்றுவதேன் என வினவினார். விக்கிரகப் படையல், இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கை மட்டும் விலக்குமாறு யாக்கோபு தீர்ப்புரைக்க, அந்தியோகியாவுக்கு நிருபம் சென்றது.

நம் நாட்டிலோ அந்நுகம் வேறு உருவில் வந்தது. 1530-களில் ஞானஸ்நானம் பெற்ற முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துகீசியப் பெயர்களைப் பூண்டனர். கிறிஸ்து மார்க்கம் பரங்கி மார்க்கம் எனப்பட்டது. 1606-இல் மதுரை புகுந்த தத்துவ போதகர், இராபர்ட்டு தெ நொபிலி, காவியுடுத்து, மரக்கறியுண்டு, தம்வழி வந்தோர் குடுமியும் பூணூலும் சந்தனமும் விடவேண்டா என்றார். உடனிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் பாதிரியாரே அவர்மேற் குற்றஞ்சாட்டினார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் பக்கமே தீர்த்தார். எருசலேம் தீர்ப்பு தமிழகத்தில் மறுபடியும் உரைக்கப்பட்டது என்று யான் மகிழ்வதுண்டு.

பாதி மகிழ்ச்சியே அது. நிருபம் சென்ற அந்தியோகியாவில் வேறொரு பூசலும் நிகழ்ந்ததைப் பவுல் கலாத்தியருக்கு எழுதியுள்ளார். புறஜாதியாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வரக்கண்டு பந்தியினின்று விலகினார்; பவுல் அவரை முகத்துக்கு முகமாய் எதிர்த்தார். குடுமி நுகத்தைச் சேர்ந்த வழக்கு. சாதி பந்தியைச் சேர்ந்த வழக்கு. நொபிலியார் இரண்டையும் ஒரே மூட்டையிற் கட்டிவிட்டார். மதுரை மிஷனில் உயர்ந்தோர்க்கு ஒரு குரு, தாழ்த்தப்பட்டோர்க்குப் பண்டாரசாமி என்றாயிற்று. நம்மவராகிய புரொட்டஸ்டாண்டாரும் சிறந்தவரல்லர். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபையிற் சாதிபேதம் ஒழிக என்று கட்டளையிட்டபொழுது தஞ்சையிற் பலர் சபையை விட்டார்களேயன்றிச் சாதியை விட்டாரில்லை.

பாட்டைப் போற்றுகிற நீ சாதியைப் பழிப்பதென்ன முறை என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏரியில் இடம் சில. ஒருவன் வலை கட்டினால் மற்றவனுக்கு இடமில்லை. அங்கே முறை வேண்டும். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் உண்பதனால் மற்றவனுக்கு என்ன குறைகிறது? அங்கே வரிசை வைப்பவன் எதனைக் காக்கிறான்? நண்பர் விடை கூறவில்லை. தமிழ்நாட்டுச் சில ஊர்களில் இன்றும் கிறிஸ்தவர்க்குக் கல்லறைத் தோட்டம் இரண்டு.