2000 சதவீதம் டிவிடெண்ட்... கையில் எவ்வளவு?

"2000 சதவீதம் டிவிடெண்ட்!" என்று கேட்டதும் யாருக்கும் ஒரு நிமிடம் மலைப்பாகத்தான் இருக்கும். போட்ட பணம் இருபது மடங்காகத் திரும்பி வரும் போலிருக்கிறதே என்று தோன்றும். உண்மையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அந்த சதவீதம் எதன் மேல் போடப்படுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டிவிடெண்ட் சதவீதம் பங்கின் முகமதிப்பின் மேல் கணக்கிடப்படுவது; சந்தை விலையின் மேல் அல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். 2023-24 நிதியாண்டுக்கு இரண்டு முறை 3 ரூபாய், கடைசியாக 194 ரூபாய், ஆக மொத்தம் பங்குக்கு 200 ரூபாய் டிவிடெண்ட். முகமதிப்பில் பார்த்தால் 2000%. ஆனால் அந்தப் பங்கின் விலை 2023 ஜூனிலேயே ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு லட்சம் கொடுத்து வாங்கியவருக்கு அந்த 200 ரூபாய் வெறும் 0.2% தான். வங்கி சேமிப்புக் கணக்கே இதைவிட அதிகம் தரும்!

இதில் நிறுவனத்தின் தவறு எதுவும் இல்லை. பல வருடங்களுக்கு முன் 5,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு அதே 200 ரூபாய் 4% ஆகிறது. வாங்கிய விலையைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை என்பதுதான் இங்கே பாடம்.

செபியின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளும் பங்குக்கு இத்தனை ரூபாய் என்றுதான் டிவிடெண்ட் அறிவிக்க வேண்டும் என்கின்றன. அப்படியிருந்தும் பட்டியல்களிலும் 'டிப்ஸ்' செய்திகளிலும் இந்த சதவீதம் இன்னும் உலா வருகிறது. ஓய்வூதியப் பணத்தோடு சந்தைக்கு வரும் ஒருவர் அதை வங்கி வட்டி மாதிரி நினைத்துக்கொள்ள மாட்டாரா? பெரிய எண்ணைக் காட்டி ஆசை காட்டுவதை நிறுத்தினாலே பலர் தப்பிப்பார்கள்.

இன்னொரு மயக்கமும் உண்டு. டிவிடெண்ட் என்பது மேலே விழும் இலவசப் பணம் என்ற நினைப்பு. அது நிறுவனத்தின் கஜானாவிலிருந்து வெளியே போகும் பணம். அதனால் உரிமை முடியும் 'எக்ஸ் டிவிடெண்ட்' நாளில் பங்கின் விலையும் பொதுவாக ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒருவர் 2 ரூபாய் முகமதிப்புள்ள 100 பங்குகளை, 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்க்கு வாங்குகிறார். டிவிடெண்ட் 300%. அதாவது பங்குக்கு 6 ரூபாய், மொத்தம் 600 ரூபாய். சில வாரம் கழித்து 240 ரூபாய்க்கு விற்கிறார்.

விற்றதில் நஷ்டம்: 1,000 ரூபாய்
டிவிடெண்ட் வரவு: 600 ரூபாய்
டிவிடெண்டுக்கு வரி (20% வரி கட்டுபவர் என்றால்): 120 ரூபாய்
தரகு முதலிய செலவு: 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்

ஆக, 300% டிவிடெண்ட் வாங்கியவருக்கு நிகர நஷ்டம் 580 ரூபாய்! 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கான வரி முதலீட்டாளரின் தலையில்தான் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

போனஸ் பங்கும் இப்படித்தான். ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் 100 பங்கு 200 ஆகும். விலை ஏறக்குறைய பாதியாகும். கையில் உள்ள மொத்த மதிப்பு அன்றைக்கு மாறுவதில்லை.

அதற்காக டிவிடெண்டே வீண் என்று சொல்லிவிட முடியாது. வருடா வருடம் தவறாமல் கொடுக்கும் நிறுவனத்திடம் நிஜமாகவே பணம் வருகிறது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். ஆனால் லாபமா நஷ்டமா என்று பார்க்க வாங்கிய விலை, விற்ற விலை, வந்த டிவிடெண்ட், போன வரியும் செலவும் என நான்கும் வேண்டும். பள்ளியில் வட்டிக் கணக்கு சொல்லித் தருவதுபோல இதையும் சொல்லித் தந்தால் நல்லது. ஐந்தாம் வகுப்புக் கூட்டல் கழித்தல் போதும், போட்டுப் பார்க்கும் பொறுமைதான் வேண்டும்.