வாய்ப்புண்ணும் இரண்டு நாள் பேரும்

இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னிற்பது வாய்ப்புற்றுநோய். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1985லேயே சொல்லிவிட்டது. 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வெறும் பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்தது. "நான் போயிலை போடுவதில்லை" என்று ஆறுதல் கொள்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இது ஒரே நாளில் வரும் நோயல்ல. கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை. அந்த இடத்தில் சிறு துண்டு சதை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் விஷயம் தெரிந்துவிடும். நம் ஆட்கள் நின்றுவிடுவது இங்கேதான். தோட்ட ஆஸ்பத்திரியில் அந்த வசதி கிடையாது. நகரத்துக்குப் போய் சதை எடுக்க ஒரு நாள், முடிவை வாங்க இன்னொரு நாள். இரண்டு நாள் பேர் போகும், பஸ் காசு வேறு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கழுத்தில் கட்டி வந்தபின் மகரகமவுக்கு ஓடுகிறோம்.

வெற்றிலையை விடத்தான் வேண்டும். ஆனால் குளிரிலும் மழையிலும் வெறும் வயிற்றோடு மலையில் நிற்பவருக்கு அது ஏன் தேவைப்படுகிறது என்று திட்டுகிறவர்கள் கேட்பதில்லை.

பல் வைத்தியர் பெரட்டுக்களத்துக்கே வந்து வாயைப் பார்க்க வேண்டும். பரிசோதனைக்குப் போகும் இரண்டு நாளுக்கும் பேர் போட வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் கேட்கும்படி தோட்டத் தலைவர்கள் இப்போதே சங்கக் காரியாலயத்துக்கு எழுதுங்கள்.