சாரா அகமதும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும்



பெண்களுக்கான பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். அவ்வாண்டே ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. டோக்கியோவில் மீராபாய் சானு வெள்ளி வென்றபோதும் சேக்காட்டில் நம் வீடுகளில் மகிழ்ந்தோம். கூடவே, “நம் பிள்ளைகளுக்கு இது ஆகாது” என்ற பேச்சும் எழுந்தது. காரணம் கேட்டால், உடை என்பார்கள்.

அந்தத் தடையை நீக்கியவரும் ஒரு முஸ்லிம் பெண்தான். பாகிஸ்தானிய வம்சாவளியில் அமெரிக்காவில் பிறந்த பொறியியல் ஆய்வாளர் குல்சூம் அப்துல்லாஹ், கை கால்களை மூடிய உடையுடன் போட்டியிட அனுமதி கோரினார். முழங்கையும் முழங்காலும் நேராக நிமிர்ந்தனவா என்பதை நடுவர் பார்த்தாக வேண்டும் என்பதே விதியின் காரணம். சீருடைக்குள் உடலை ஒட்டிய முழு உடை அணியலாம் என்று 2011இல் உலகச் சம்மேளனம் தீர்மானித்தது. வழக்கோ கூச்சலோ இன்றி, விதியின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு பெற்ற தீர்வு அது.

ஐந்தாண்டுகளில் அதன் பயன் தெரிந்தது. 2016 ரியோவில், எகிப்தின் சாரா அகமத் தம் 18ஆம் வயதில், ஹிஜாபுடன் 255 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஊக்கமருந்து விவகாரத்தால் எகிப்திய அணியே தடைசெய்யப்பட, டோக்கியோ அவர் கைநழுவியது. 2024இல் பாரிஸில் 268 கிலோ தூக்கி வெள்ளியுடன் திரும்பினார். அந்த எட்டாண்டுப் பொறுமையே பதக்கத்தினும் நம்மை அதிகம் கவர்கிறது.

உடலை ஒட்டிய உடையில் அந்நிய ஆண்கள் முன் நிற்பது கூடுமா என்று கேட்போரை நாம் எள்ளவில்லை. அது மார்க்கம் அறிந்தோர் பேச வேண்டிய விஷயம். ஆயினும் எட்டாம் வகுப்புவரை பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடிய நம் மகள், பருவமடைந்ததும் உடற்பயிற்சி வகுப்பிலும் ஓரமாக அமர்கிறாளே, அவளை எந்தச் சம்மேளன விதி தடுத்தது? நாற்பதைத் தாண்டுமுன் மூட்டுவலியும் சர்க்கரையுமாக எத்தனை தாய்மார்களைக் காண்கிறோம்!

நபி (ஸல்) அவர்கள் பயணக் கூட்டத்தாரை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். முதல்முறை அன்னையே முந்தினார்கள். அந்த அறிவிப்பில் விளையாட்டும் இருக்கிறது, மறைவும் இருக்கிறது.

ஒலிம்பிக்கில் பெண்கள் தூக்கும் வெறும் கம்பி 15 கிலோதான். ரேஷன் கடையிலிருந்து 20 கிலோ அரிசியைச் சுமந்து வரும் நம் பெண்களுக்கு அது புதிய பாரமன்று. ஆவடி, பட்டாபிராம், சேக்காடு வட்டார ஜமாஅத்தார் மதரஸா கூடம் ஒன்றை வாரம் இரு மாலைகள் பெண்களுக்கென ஒதுக்கி, ஒரு பெண் பயிற்சியாளரை அமர்த்தலாம். ரமளானுக்குப் பின் வரும் கூட்டத்தில் இதை முன்வைக்க எண்ணியுள்ளோம், இன்ஷா அல்லாஹ்.