பாட்டி கேட்டது காசு அல்ல!

இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி. படுக்கையில் ஒரு பாட்டி. "ஒரு பென்னி செலவழிக்க வேண்டும்" என்று நர்சிடம் மெல்லச் சொல்கிறாள்.

அந்த நர்சு திருநெல்வேலியிலிருந்து போன வாரம்தான் வந்தவள் என்று வைத்துக்கொள்வோம். பென்னி என்றால் காசு. அது அவளுக்குத் தெரியும். ஏதோ வாங்க ஆசைப்படுகிறாள் என்று எண்ணி, "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். சற்று நேரத்தில் படுக்கை நனைந்துவிடுகிறது. பாட்டி கண் கலங்குகிறாள்.

சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள்!

காசுக்கும் கக்கூசுக்கும் என்ன சம்பந்தம்? 1851-ல் லண்டன் ஹைடு பார்க்கில் பெரிய பொருட்காட்சி நடந்தது. ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் அங்கே கழிப்பறைகள் அமைத்தார். உள்ளே போகக் கட்டணம் ஒரு பென்னி. பிற்காலத்தில் ஊர்ப் பொதுக் கழிப்பறைகளிலும் பூட்டில் பென்னியைப் போட்டால்தான் கதவு திறக்கும். அந்தப் பழைய பென்னி 1971-ல் செல்லாக் காசாகிவிட்டது. பேச்சு மட்டும் வயதானவர்கள் வாயில் இன்னும் செல்லுபடியாகிறது.

"தொண்டையில் தவளை" என்பார்கள். குரல் கம்மிவிட்டது என்று பொருள். "குண்டூசியும் ஊசியும்" என்றால் கால் மரத்துப்போய்க் குறுகுறுக்கிறது. அகராதியில் தவளையைத் தேடினால் தவளைதான் கிடைக்கும். இவற்றை ஒவ்வொரு சொல்லாகப் பிரிக்கக் கூடாது. முழுவதையும் ஒரே சொல்லாக மனத்தில் வாங்க வேண்டும்.

நர்சின் தாய்மொழி மட்டும் என்னவாம்? "வெளிக்குப் போகணும்" என்று நம் ஊர்ப் பெரியவர் சொன்னால், தமிழ் படித்த வெள்ளைக்கார டாக்டர் வாசல் கதவைத் திறந்துவிட்டு நிற்பார்!

ஆகவே அந்தப் பெண்ணை ஏசிப் பயனில்லை. அவள் ஆங்கிலப் பரீட்சையில் தேறித்தான் கப்பலோ விமானமோ ஏறுகிறாள். பரீட்சைத் தாளில் பாட்டி பேசுவதில்லையே! வலியில் முனகுகிற நோயாளியை இலக்கணமாகப் பேசு என்று சொல்லவும் முடியாது. அயல்நாட்டு நர்சுகளை வேலைக்கு அழைக்கிற ஆஸ்பத்திரிதான், நோயாளிகளின் இந்தப் பேச்சை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஊசி போடும் அறை எங்கே என்று காட்டுவதைப் போல இதுவும் ஒரு வேலை.

நர்சும் ஒன்று செய்யலாம். புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டாமல், "அப்படியென்றால் என்ன அம்மா?" என்று கேட்டுவிடலாம். பாட்டி சொல்லக் கூச்சப்பட்டாலும், பக்கத்துப் படுக்கைக்காரி சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள்.