கிணற்றுக்குப் போன யூரியா

ஆழ்துளைக் கிணற்று நீரில் சொட்டுநீர்ப் பாசனம் செய்பவர்கள் பலருக்கும் அந்தச் செம்பழுப்பு நிற வழவழப்பைத் தெரியும். வடிகட்டியைக் கழற்றினால் கையில் ஒட்டும், சொட்டுவான்களை அடைத்துவிடும். நீரில் கரைந்துள்ள இரும்பிலிருந்து ஆற்றல் பெற்று வாழும் பாக்டீரியாக்களின் வேலை அது. கண்ணில் பட்டு, செலவும் வைப்பதால் அவற்றைக் கவனிக்கிறோம். அதே நீரில் கண்ணுக்குத் தெரியாத வேறு கூட்டங்கள் ஏராளம். வயலில் இட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது என்ன ஆகிறது என்பது பெரிதும் அவற்றின் கையில் இருக்கிறது.

மிஞ்சும் யூரியா சிறிய விஷயமல்ல. அது மண்ணில் அம்மோனியமாகி, பிறகு நைட்ரேட்டாகி, நீரோடு கீழே இறங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். சரியாக அந்த 45 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரை ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரத்துக்குப் பத்து முறை பாய்ச்சுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 20 கிலோ தழைச்சத்து வயலுக்கு வந்துவிடும். ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியா. காசு கொடுத்து வாங்கிய உரம் கிணற்றில் கிடக்கிறது. வீட்டுக் கைக்குழந்தையின் பால்புட்டியிலும் அதே நீர்தான் கலக்கிறது.

மண் வள அட்டையில் 12 இனங்கள் உள்ளன. அவற்றில் நுண்ணுயிர் ஒன்றுகூட இல்லை. பாசன நீர் பரிசோதனையும் உப்பு, கார அமில நிலை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இதில் ஆய்வகங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நுண்ணுயிரைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்ப்பதே நெடுங்காலம் இருந்த வழி. மண்ணிலும் நீரிலும் வாழ்பவற்றில் மிகச் சிறு பங்குதான் அப்படித் தட்டில் வளரும். அசோஸ்பைரில்லமும் ரைசோபியமும் அவ்வாறு வளரக்கூடியவை; அதனால்தான் பொட்டலத்தில் நம் கைக்கு வந்தன.

மரபணு வரிசையை வாசிக்கும் முறை இந்தத் தடையைத் தாண்டுகிறது. நீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிதாளில் வடித்து, அதில் தங்கும் உயிர்களின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, கருவியில் வாசிக்கிறார்கள். யாரையும் வளர்க்க வேண்டியதில்லை. யார் இருக்கிறார்கள் என்பதோடு, என்ன வேலை செய்யும் திறன் அவர்களுக்கு உண்டு என்பதையும் மரபணுவே சொல்லிவிடும்.

அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி காட்டினார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேளாண் பாடப் புத்தகங்கள் அதையே சொல்லி வந்தன. 2015-இல், இரண்டு வேலையையும் ஒரே உயிர் செய்து முடிப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் டிஎன்ஏவை வாசித்துக் கண்டறிந்தன. ஒரு குழுவுக்கு அது கிடைத்தது ரஷ்யாவில் ஓர் ஆழ்கிணற்றின் வெந்நீர்க் குழாயில். நெதர்லாந்துக் குழுவுக்கு மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியில். பிறகு விளைநிலங்களிலும் அது இருப்பது தெரியவந்தது.

நமக்கு இதில் நேரடியான கேள்வி ஒன்று உண்டு. 2015 முதல் இங்கே தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம். நைட்ரேட்டாகும் வேகத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். நம் வயல்களில் அந்த வேலையைச் செய்பவர்கள் யார், வேம்பு யாரை எவ்வளவு தடுக்கிறது என்பதை மண்ணுக்கு மண் பார்த்தால்தான் பூச்சின் பலனைச் சரியாக எடைபோட முடியும்.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை நன்கு ஆராயப்பட்ட இடம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ரைஃபிள். பழைய யுரேனிய ஆலை இருந்த ஆற்றங்கரை அது. நீரில் கலந்த யுரேனியத்தை மட்டுப்படுத்த நிலத்துக்குள் அசிட்டேட் செலுத்தினார்கள். அதை உண்டு பெருகிய ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா, கரைந்திருந்த யுரேனியத்தைக் கரையாத வடிவுக்கு மாற்றியது. அந்த நிலத்தின் நீரையும் வண்டலையும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜில்லியன் பேன்ஃபீல்டின் குழு வாசித்து, 2,540 நுண்ணுயிர்களின் மரபணுத் தொகுதிகளை 2016-இல் வெளியிட்டது. அதுவரை அறியப்படாத 47 பெரும் பிரிவுகள் அதில் இருந்தன. பெரும் பிரிவு என்றால், பூச்சிக்கும் பசுவுக்கும் இடையிலான தூரம்.

அந்த ஆய்வில் நம் கிணற்றுக்குப் பொருந்தும் செய்தி வேறு. ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியே செய்யும் உயிர்கள் அங்கே குறைவு. நாற்று விடுபவர் ஒருவர், நடுபவர் ஒருவர், அறுப்பவர் ஒருவர் என்பதுபோல் ஒன்று முடித்ததை அடுத்தது எடுத்துக்கொள்கிறது. நைட்ரேட்டைச் சிதைத்துக் காற்றில் உள்ள சாதாரண நைட்ரஜனாக மாற்றுவதும் இப்படிப் பல கை மாறும் வேலைதான். கடைசிக் கை இல்லாவிட்டால் அது நைட்ரஸ் ஆக்சைடு என்ற இடத்திலேயே நின்றுவிடும். அந்த வாயு கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நைட்ரேட்டைச் சிதைப்பவற்றுக்குப் பிராணவாயு இல்லாத சூழலும், உண்ணக் கரிமப் பொருளும் வேண்டும். தமிழகத்தின் பெரும்பகுதியான பாறை நிலத்தில், கரிமம் குறைந்த கிணறுகளில், நைட்ரேட் கரையாமல் தேங்குவதாகச் சிலர் நினைக்கலாம். உண்மையில் கரைந்தபடியே, சிதைக்க ஆளின்றிக் கிடக்கும்.

எனவே நாம் கேட்பது இதுதான். நீர்மட்டம் பார்க்க மாநிலமெங்கும் கண்காணிப்புக் கிணறுகள் உள்ளன. அவற்றில் நைட்ரேட் மிகுந்த வட்டாரங்களைத் தேர்ந்து, கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் மரபணு வாசிப்பு நடத்த வேண்டும். செலவை அரசு ஏற்க வேண்டும். முடிவுகளை எந்த வட்டாரத்தில் உரத்தைக் குறைப்பது அவசரம் என்ற அளவுக்குத் தமிழில் சுருக்கி, வேளாண் உதவி அலுவலர்களிடம் தர வேண்டும்.

தனி விவசாயி காசு கொடுத்து இந்தச் சோதனையைச் செய்துகொள்ளத் தேவையில்லை. இறந்த உயிரின் டிஎன்ஏவும் சில காலம் நீரில் இருக்கும். ஓர் உயிர் இருக்கிறது என்பதால் அது வேலை செய்கிறது என்றும் ஆகாது. ஒற்றை அறிக்கையைக் காட்டி, ‘உங்கள் கிணற்றில் இந்த நுண்ணுயிர் இல்லை, இந்த பாட்டிலை ஊற்றுங்கள்’ என்று யாரேனும் வந்தால் நம்ப வேண்டாம். சொல்லப்போனால் அந்த பாட்டிலுக்குள் சொன்ன உயிர்தான் இருக்கிறதா என்று பார்க்கவும் இதே முறை உதவும். உயிர் உர ஆய்வாளர்கள் அதை உடனே தொடங்கலாம்.

விரிவாக்கப் பணியாளர்கள் மாதிரி எடுக்கும்போது, குழாயில் தேங்கிய நீர் வெளியேறும்வரை மோட்டாரை ஓட்டிவிட்டு, சுத்தமான புட்டியில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட கிணற்றை அப்போது தொட வேண்டாம். அதுவரை, நைட்ரேட் அளவு மட்டுமாவது பார்த்து, நீரில் வரும் தழைச்சத்தை மேலுரக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கு எந்தப் புதிய கருவியும் வேண்டாம்.